மூங்கிலா, காபனா? தூர எய்தலுக்கு எந்த அம்பு

சிறுபோக அறுவடை முடிந்தால் தம்பலகாமத்து வயல்கள் வெட்டையாகிவிடும். ஆள், மாடு இல்லாத பக்கமாகப் பார்த்து இழுக்க 40 றாத்தல் பலம் வேண்டிய வில்லில் தூரம் எய்து பழகுகிறோம். கையில் இரண்டு வகை அம்பு இருக்கிறது: சீவிய மூங்கில், மெல்லிய காபன் குழல்.

1971இல் அமெரிக்கரான ஹாரி ட்ரேக் காலால் உதைத்து வளைக்கும் வில்லில் 2,028 யார் எய்தார். அதைக் கேட்டதும் எல்லோருக்கும் வில்லின் பலத்தை ஏற்றத்தான் ஆசை வருகிறது. அம்பைத் திருத்தாமல் பலத்தை ஏற்றி என்ன பயன்?

மூங்கிலைச் செதுக்கலாம், அதுதான் அதன் பெரிய வரம். நடு தடித்து இரு நுனியும் ஒடுங்கிய அம்புகளைத்தான் உஸ்மானிய வில்லாளிகள் இஸ்தான்புலின் ஒக்மெய்தான் என்ற வில்வித்தைத் திடலில் தூரத்துக்கு எய்தார்கள். நாண் தள்ளும்போது தண்டு அதிகம் வளைவது நடுவில். அங்கே தடிப்பை விட்டுவிட்டு நுனிகளைச் சீவினால், விறைப்பு பெரிதாகக் குறையாமல் எடை இறங்கும். காபனில் இதைச் செய்யவே கூடாது. நார் அறுந்த தண்டு எய்கிற நேரத்தில் உடைந்து கைக்குள் ஏறும்.

ஆனால் மூங்கில் ஈரம் குடிக்கும். மாரியில் உப்புவெளி வீட்டில் வைத்திருந்த என் அம்புகள் வளைந்து போய், ஒவ்வொன்றாகத் தணலில் காட்டி நிமிர்த்தினேன். காபனுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒரே அளவில் வாங்கிய தண்டுகளின் விறைப்பும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

சரி, எடையை எவ்வளவு குறைக்கலாம்? 40 றாத்தல் சாதாரண வில்லுக்கு 13 கிராமுக்குக் கீழே போகவேண்டாம். அதைவிட லேசானால் வெறும் நாணை விட்டதுபோல வில்லே அடி வாங்கும். லேசான அம்பு வேகமாகப் புறப்பட்டாலும் காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும்.

முனையை லேசாக்கினாலும் தண்டின் நீளத்தைக் குறைத்தாலும் அம்பு விறைப்பாக நடந்துகொள்ளும். இறகில்லாமல் எய்து பாருங்கள். வலக்கைக்காரருக்கு அது இடப்பக்கம் ஒதுங்கினால் விறைப்பு கூடிவிட்டது. மூங்கில் என்றால் நடுவில் இன்னும் கொஞ்சம் சீவலாம். காபன் என்றால் மென்மையான தண்டு வாங்க வேண்டியதுதான், கொஞ்சம் செலவு. அப்புறம்தான் இறகைச் சிறிது சிறிதாக வெட்டவேண்டும். வால் ஆடத் தொடங்கினால் தூரம் போச்சு.

புதியவருக்கு நான் காபனையே சொல்வேன். கச்சான் ஓய்ந்த காலை நேரத்தில் ஐந்து காபன் அம்பும் கிட்டக்கிட்ட விழும்வரை மூங்கிலைத் தொடவேண்டாம். அதற்கு முன் சீவத் தொடங்கினால், தவறு கையிலா சீவலிலா என்று பிரித்தறிய முடியாது.