கட்டைவிரல் மேட்டில் ஒட்டும் ஒளி உணரி: தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு மதிப்பீடு

இரத்தம் இழந்து, உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போய்ச்சேராத ஷாக் நிலைக்குச் சரியும் நோயாளியின் உடல், மூளையையும் இதயத்தையும் காப்பதற்காகத் தோலையும் தசையையும் குடலையும் முதலில் பட்டினி போடுகிறது. இரத்த அழுத்தமோ அதன் பிறகும் சிறிது நேரம் இயல்பாகவே இருக்கும். அந்த இடைவெளியில் நமக்குத் துணையாக வருவதுதான் அண்மை அகச்சிவப்பு ஒளியால் இயங்கும் திசு ஆக்சிஜன் மானிட்டர். இந்த ஒளி மண்டையோட்டையே ஊடுருவும் என்று 1977இல் யோப்சிஸ் என்ற விஞ்ஞானி காட்டியதிலிருந்து வளர்ந்த கருவி இது.

பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு நாடித்துடிப்பு வேண்டும். விரல் சில்லிட்டுப்போனால் அது திணறிவிடும். இந்த மானிட்டருக்குத் துடிப்பு தேவையில்லை. சிறு குழாய்களில் உள்ள இரத்தத்தையே, பெரும்பாலும் இதயத்துக்குத் திரும்பும் சிரை இரத்தத்தையே, இது அளப்பதால், தசை எடுத்துக்கொண்டதுபோக எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியது என்பது தெரியும்.

விபத்தில் சிக்கி ஓர் இரவு வந்த இளைஞருக்கு இரத்த அழுத்தம் 110/70, ஆக்சிமீட்டரில் 98. உள்ளங்கையைத் துடைத்து, கட்டைவிரலுக்குக் கீழே புடைத்திருக்கும் தசையில் உணரியை ஒட்டினோம். 72 விழுக்காடு என்று தொடங்கிய திசு ஆக்சிஜன் எண் கால் மணி நேரத்தில் 66க்கு இறங்கியது. உடனே மறுபடியும் ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது வயிற்றுக்குள் இரத்தம் தேங்கியிருந்தது. அமெரிக்காவில் 383 விபத்து நோயாளிகளிடம் நடத்தி 2007இல் வெளிவந்த ஆய்வும் 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவதை ஆபத்தின் அடையாளமாகவே கண்டது. அதே ஆய்வில், இரத்தத்தில் அமிலத்தன்மை எவ்வளவு கூடியிருக்கிறது என்று காட்டும் பேஸ் டெஃபிசிட் என்ற அளவும் ஏறக்குறைய இதே அளவுக்குக் கைகொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு ஒவ்வொரு முறையும் இரத்தம் எடுத்தாக வேண்டும், இதுவோ விடாமல் காட்டிக்கொண்டே இருக்கும்.

கிருமித் தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே கட்டுமீறி உறுப்புகளைப் பாதிக்கும் செப்சிஸில் இந்தக் கருவியை இந்த அளவுக்கு நம்ப முடியாது. திசு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளவே முடியாமல் திண்டாடும்போதும் எண் இயல்பாகத் தோன்றலாம். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டிச் சில நிமிடம் இரத்த ஓட்டத்தை நிறுத்தி, அவிழ்த்த பின் எண் எவ்வளவு வேகமாக மீள்கிறது என்று பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். பரபரப்பான இரவுப் பணியில் அதை ஒழுங்காகச் செய்வது கடினம். கை வீங்கியிருந்தாலும் அளவீடு தடுமாறும். வியர்வையில் உணரி எளிதில் கழன்றுவிடும்.

ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டிய உணரியின் விலைதான் என் பெரிய மனக்குறை. விபத்து நோயாளிகள் நிறைய வரும் மருத்துவமனை இதைத் தயங்காமல் வாங்கலாம். செப்சிஸ் நோயாளிகளே மிகுதியாக உள்ள சிறிய பிரிவுகள், விரல் நுனியை 10 நொடி அழுத்திவிட்டு, நிறம் 3 நொடிக்குள் திரும்புகிறதா என்று பார்க்கும் பழக்கத்தையும் ஷாக் நிலையில் இரத்தத்தில் கூடும் லாக்டேட்டின் பரிசோதனையையும் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளட்டும்.