பழைய ஃபைபர் படகின் வடிகுழாய்: பித்தளையா, பிளாஸ்டிக்கா, ஃபைபரா?

மேல்தளத்துத் தண்ணீரைப் பின்பலகை (படகின் பின்புறச் சுவர்) வழியாக வெளியே விடும் வடிகுழாய் கைக்கு அடக்கமான சின்னப் பொருள்தான். ஆனால் அது ஓட்டை விழுந்தால் தண்ணீர் பின்பலகைக்குள் இருக்கும் ப்ளைவுட்டில் இறங்கும். வெளியே ஃபைபர் பளபளவென்று இருக்கும். உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கும்.

பல பழைய படகுகளில் இருப்பது பித்தளைக் குழாய். துளையில் செருகி, மறுமுனையை வெளிப்பக்கமாக மடக்கிவிட்டால் வேலை முடிந்தது. மடக்குவதற்குச் சில மி.மீ. கூடுதல் நீளம் விட்டு வெட்ட வேண்டும். மடக்கும் கருவியை அவசரமாக இறுக்கினால் விளிம்பு கீறி, கசிவு அங்கேயே ஆரம்பிக்கும். உப்புத் தண்ணீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, பொரபொரவென்று செம்பு மட்டும் மிஞ்சும். மஞ்சள் குழாய் இளஞ்சிவப்பாகிவிட்டதா, திருப்புளியால் குத்திப் பாருங்கள். உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

பிளாஸ்டிக் அரிக்காது, விலையும் குறைவு. ஆனால் வெயிலில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். விளிம்பில் பெட்டியோ நங்கூரமோ இடித்தால் விரிசல். எபாக்சிப் பசையும் அதில் சரியாகப் பிடிக்காது, சீலன்ட்டை (இடைவெளியை அடைக்கும் பூச்சு) நம்பித்தான் நிற்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்? சீலன்ட்டுக்கு அடியில் காற்றுப் படாத இடத்தில் அதுவும் குழி விழும். கூடுதல் காசு கொடுத்து வாங்க எனக்கு மனம் வராது.

ஃபைபர் குழாயை எபாக்சி போட்டு ஒட்டினால் அது படகின் உடம்பாகவே ஆகிவிடும். துருவும் இல்லை, மடக்கும் வேலையும் இல்லை. ஆனால் துளையைச் சுற்றி உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும், மரம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பின்னால் கழற்றுவதும் லேசில்லை.

என்னைக் கேட்டால், குழாயைவிடத் துளைதான் முக்கியம். பழையதைக் கழற்றியதும் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, வரும் மரத்தூளைப் பாருங்கள். வெளிறி, உலர்ந்து வந்தால் நிம்மதி. கறுத்து, ஈரமாகப் பிசுபிசுத்தால் குழாயை மறந்துவிட்டு முதலில் மரத்தைக் கவனிக்க வேண்டும். மரம் சரியாக இருந்தால், துளையைக் கெட்டியான எபாக்சியால் அடைத்து, இறுகியபின் நடுவில் மறுபடி துளையிடலாம். ஒரே தடவையில் மொத்தமாகக் கொட்டினால் சூடேறிப் புகையும், அடுக்கடுக்காகப் போடுங்கள். இப்போது குழாய் கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

இதைச் செய்துவிட்டால், கரையேற்றி வைக்கும் படகுக்குப் பித்தளையே போதும். எப்போதும் தண்ணீரிலேயே கட்டிக் கிடப்பதென்றால் ஃபைபர் குழாய்தான் என் தேர்வு. பித்தளைக் குழாயைச் சுற்றிப் பூச பாலியூரித்தேன் சீலன்ட் நல்லது. சிலிக்கான் வேண்டாம், அது பட்ட இடத்தில் அப்புறம் எதுவும் ஒட்டாது.

மறுதுளை போடும்போது வெளிமுனை சற்றே தாழ்ந்திருக்கும்படி டிரில்லைப் பிடியுங்கள். பழைய துளை தப்பான சாய்வில் இருந்து தளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால், அதையும் இப்போதே சரிசெய்துவிடலாம்.