ஆட்டிசம் சிகிச்சை நிலையங்களுக்கு ஷெட்யூல் மென்பொருள் விற்க வருவோர் குறித்து ஓர் எச்சரிக்கை

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் வீட்டுக்கே சென்று பயிற்சி அளிக்கும் ஒரு நிலையத்தில், பணியாளர்களின் ஷெட்யூலைத் தயாரிப்பது என் பொறுப்பு. சிகிச்சை நிலையங்களுக்கென்றே உருவாக்கப்பட்டது என்று சொல்லி ஒரு மென்பொருளை எங்கள் தலையில் கட்டிய நிறுவனம், ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு கையை விரித்துவிட்டது. அதே ஆட்கள் வேறு நிலையங்களையும் அணுகிவருவதாகக் கேள்விப்படுவதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

டெமோவில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. சிகிச்சையாளர் ஒருவர் விடுப்பு எடுத்ததும் அவருடைய கட்டம் சிவப்பாக மாறியது. ஒரே சொடுக்கில் வேறொருவரின் பெயர் வந்து அமர, கட்டம் பச்சையானது. அவை அனைத்தும் அவர்களே தயாரித்து வைத்திருந்த மாதிரி விவரங்கள். எங்கள் பணியாளர் பட்டியலை ஏற்றிக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, பணம் கட்டிய பிறகு பயிற்சியின்போது அதைச் செய்வோம் என்று பதில் வந்தது.

முதல் அடி மேற்பார்வையில் விழுந்தது. நடத்தைப் பயிற்சித் துறையினருக்குச் சான்றளிக்கும் பி.ஏ.சி.பி. என்னும் வாரியத்தின் விதிப்படி, குழந்தைகளுக்கு நேரடியாகப் பயிற்சி தரும் பணியாளருக்கான ஆர்.பி.டி. சான்று பெற்ற ஒருவர் ஒரு மாதத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கும் நேரத்தில் குறைந்தது 5 சதவீதமாவது மேற்பார்வைக்கு உட்பட வேண்டும். அதாவது, 80 மணி நேரம் வேலை செய்தவருக்கு 4 மணி நேரம். குழந்தையோடு அவர் எப்படிப் பழகுகிறார் என்பதை மேற்பார்வையாளர் நேரில் பார்ப்பதும் இதில் அடங்கும் என்பதால், ஒரே குழந்தைக்கு ஒரே நேரத்தில் இருவரின் பெயர் ஷெட்யூலில் இருந்தே தீர வேண்டும். இந்த மென்பொருளோ அதை மோதல் என்று கருதி, மேற்பார்வையாளரின் பெயரைச் சத்தமில்லாமல் நீக்கி, காலியாக இருந்த வேறோர் அமர்வுக்கு அவரை மாற்றிவிட்டது. திரையில் எல்லாக் கட்டங்களும் பச்சையாகவே இருந்ததால், மாதக் கடைசியில் கணக்கெடுக்கும்வரை பலருக்கு மேற்பார்வை நேரம் குறைந்துபோனது எவருக்கும் தெரியவில்லை. புகார் செய்தபோது, ஒரே நேரத்தில் இருவர் என்பது அரிதான தேவை, அடுத்த பதிப்பில் பரிசீலிக்கிறோம் என்றார்கள். அரிதான தேவையாம்! ஆட்டிசம் சிகிச்சை நிலையம் ஒன்றில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தவர்கூட அப்படிச் சொல்ல மாட்டார்.

அதைவிட மோசமானது, மாற்று ஆளை அது தேர்ந்தெடுத்த விதம். நேரம் ஒத்துவருகிறதா என்பதை மட்டுமே பார்த்தது. அந்தக் குழந்தையோடு முன்பு பழகியவரா, அதன் பயிற்சித் திட்டத்தை அறிந்தவரா என்பதெல்லாம் அதன் கணக்கிலேயே இல்லை. மாற்றத்தை ஏற்க முடியாமல் தவிப்பதும், அன்றாட ஒழுங்கை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்வதும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேரும் என்று மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேடே குறிப்பிடுகிறது. எங்களிடம் வரும் குழந்தை ஒன்றின் தாய், சுவரில் ஒரு படப் பலகை வைத்து, அன்று வரப்போகும் சிகிச்சையாளரின் புகைப்படத்தைக் காலையிலேயே அதில் ஒட்டிக் காட்டிவிடுவார். ஒருநாள் அந்தப் படத்தில் இருந்தவருக்குப் பதிலாக முன்பின் பார்த்திராத ஒருவர் வாசலில் நின்றார். அவர் வருகிறார் என்ற குறுஞ்செய்தி அந்தத் தாய்க்குக் கிடைத்ததும் அதே நேரத்தில்தான். பையன் காதுகளைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டான். அமர்வு முழுவதும் அவனை அமைதிப்படுத்துவதிலேயே கழிந்தது. "பலகையில் நான் ஒட்டும் படத்தை இனி அவன் எப்படி நம்புவான், சொல்லுங்கள்?" என்று அந்த அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செல்லும் பயண நேரத்தை மென்பொருள் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும், குழந்தைக்கு அனுமதிக்கப்பட்ட மணி நேரம் தீர்ந்த பிறகும் அமர்வுகளை அடுக்கிக்கொண்டே போனது என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலக முடிவெடுத்தபோதுதான் அவர்களின் உண்மையான முகம் தெரிந்தது. விவரங்களை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விற்கும்போது வாக்களித்தவர்கள், வாரத்துக்கு ஒரு பி.டி.எஃப். கோப்பாகக் கொடுத்தார்கள். அதை வேறெதிலும் ஏற்ற முடியாததால், எல்லாவற்றையும் நாங்கள் எக்ஸெலில் மறுபடியும் தட்டச்சு செய்தோம். மீதிப் பணத்தைக் கேட்ட மின்னஞ்சல்களுக்கு, உங்கள் கோரிக்கை பதிவாகியுள்ளது என்ற தானியங்கிப் பதிலைத் தவிர வேறெதுவும் வரவில்லை. குழந்தைகளின் பெயர், முகவரி, பயிற்சிக் குறிப்புகள் ஆகியவற்றை அழித்துவிட்டதாக எழுத்துப்பூர்வமாக உறுதி தரும்படி கேட்டோம். அதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. பணத்தைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

ஆகவே, இப்படி எவராவது உங்களிடம் வந்தால், உங்கள் நிலையத்தின் உண்மையான ஒரு வார ஷெட்யூலை, பெயர்களை மட்டும் மாற்றிக் கொடுத்து, உங்கள் கண்முன்னே ஏற்றச் சொல்லுங்கள். அதில் ஒரு மேற்பார்வை அமர்வும், கடைசி நேர விடுப்பு ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். விலகும்போது விவரங்கள் எந்த வடிவில் கிடைக்கும், எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற விதி எங்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. எங்கள் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் கட்டளையை வங்கியில் சொல்லி ரத்து செய்த பிறகே அடுத்த ஆண்டுப் பணம் தப்பியது.