எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அணு அதிர்வு அளவீடு: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

மோனோகுரோமேட்டர் (எலக்ட்ரான்களின் ஆற்றல் விரிவைச் சுருக்கும் உறுப்பு) பொருத்திய ஸ்டெம் கருவி (நுண்கற்றையால் மாதிரியை வருடிப் பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) என்றதும் எல்லோரும் கேட்பது, "பிரிதிறன் எத்தனை மில்லி எலக்ட்ரான் வோல்ட்?" என்றுதான். நாள்பட்டப் பயன்படுத்தினால் புரிவது வேறு: எலக்ட்ரான்கள் அணு அதிர்வுக்குக் கொடுத்து இழந்த ஆற்றல் பதிவில் ஒரு முகடாகத் தெரியும்; அந்த அளவீட்டைக் காப்பதும் கெடுப்பதும், ஆற்றல் இழக்காத எலக்ட்ரான்கள் எழுப்பும் ஜீரோ-லாஸ் முகட்டின் வால்தான்.

குளிர் புல உமிழ்வு கன்னிலிருந்து (எலக்ட்ரான்களை உமிழும் மூலம்) வரும் கற்றையின் ஆற்றல் விரிவு ஏறத்தாழ 300 மில்லி எலக்ட்ரான் வோல்ட். மோனோகுரோமேட்டரின் பிளவை இறுக்கி அதை 10 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கொண்டுவந்தால் நூற்றுக்கு மூன்று நான்கு எலக்ட்ரான்தான் மிஞ்சும். போரான் நைட்ரைடின் 170 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய அதிர்வு முகட்டுக்கு 15 விரிவே தாராளம். பிளவைச் சற்றுத் திறந்து எண்ணிக்கையைக் கூட்டுவதே லாபம். 50-க்குக் கீழே உள்ள அதிர்வுகளுக்கு மட்டும் இறுக்குங்கள்.

பத்து விநாடிக்கு ஒரே பதிவு எடுக்கவே கூடாது. 20 மில்லிவிநாடி வீதம் ஆயிரம் பதிவுகள் எடுத்து, ஜீரோ-லாஸ் உச்சியை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக நேராக்கிக் கூட்டுங்கள். அந்த உச்சி டிடெக்டரில் நிரம்பி வழிந்தால் தலை தட்டையாகி, நேராக்கம் தவறும். ஒரு எளிய சோதனை உண்டு: 1 மில்லிவிநாடிப் பதிவு ஒல்லியாகவும் 20 மில்லிவிநாடிப் பதிவு தடித்தும் இருந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலம் உள்ளே புகுகிறது என்று பொருள். கருவியைத் திருகுவதை விட்டுவிட்டு அறையின் மின்கம்பிகளைப் பாருங்கள்.

360 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி எதிர்பாராத முகடு எழுந்தால் அது பெரும்பாலும் மாதிரியில் ஒட்டிய ஹைட்ரோகார்பன் அழுக்கு. வெற்றிடத்தில் 140 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு சூடேற்றினால் பெரிதும் அடங்கும்.

பலரும் சறுக்கும் இடம், ஜீரோ-லாஸ் வாலை நீக்கும் பின்னணிக் கழிப்பு. மாதிரியின் விளிம்பைத் தாண்டிய வெற்றிடத்தில் ஒப்பீட்டுப் பதிவு எடுப்பார்கள். துருவப் பொருள்களில் (அணுக்கள் எதிரெதிர் மின்னூட்டம் கொண்டவை) கற்றை நூறு நானோமீட்டர் தள்ளி நின்றாலும் அதிர்வைத் தொட்டுவிடும். கழிக்கும்போது வேண்டிய சிக்னலே காணாமல் போகும். சில மைக்ரான் விலகித்தான் எடுக்க வேண்டும். இதே தன்மை கரிமப் பொருள்களுக்கு வரம்: கற்றையை 30 நானோமீட்டர் வெளியே நிறுத்தினால் சேதம் மிகவும் குறையும்.

அணு அளவில் பார்க்க, தொலைவிலிருந்தே எழும் அந்தப் பரவல் சிக்னலை ஒதுக்கி, பெரிய கோணத்தில் சிதறும் எலக்ட்ரான்களை மட்டும் சேர்க்க வேண்டும். 2020-இல் கிராஃபீனுக்குள் இருந்த ஒற்றைச் சிலிக்கான் அணுவின் அதிர்வு பதிவானது. இந்தத் துறையில் மனதை நிறைக்கும் வேலை அது. ஆனால் சிக்னல் மிக மெலிது, பொறுமை வேண்டும்.

வெப்பநிலை அளக்க, எலக்ட்ரான்கள் அதிர்விலிருந்து ஆற்றல் பெற்ற பக்க முகட்டை, ஆற்றல் இழந்த பக்க முகட்டால் வகுக்க வேண்டும். 300 கெல்வினில் 100 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அதிர்வுக்கு இது வெறும் 2 சதவீதம். 50-க்கு 14 சதவீதத்துக்கும் சற்று மேல். அதனால் தாழ்ந்த அதிர்வையே தேர்ந்தெடுங்கள். அறை வெப்பநிலையிலேயே 100-இல் 5 சதவீதம் வந்தால், மாதிரி சூடாகிவிட்டது என்று எழுதுமுன் ஜீரோ-லாஸ் வால் இருபுறமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.