கொழும்பில் இரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள்

வெள்ளவத்தையில் இருக்கிற அக்காவின் மகளுக்குக் கொஞ்சக் காலமாகவே களைப்பு, முகமும் வெளிறிப்போய் இருந்தது. கல்யாணப் பேச்சும் நடக்கிற நேரம், அதனால் நான் ரொறன்ரோவிலிருந்து வந்து நிற்கும்போதே முழுசாகப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினோம்.

இரத்தம் கொடுப்பது கொழும்பில் உண்மையிலேயே சுலபம். டொக்டர் கடிதம் இல்லாமலே காலையில் ஆய்வுகூடத்துக்குப் போய்க் காசு கட்டினால் ஊதா மூடிக் குழாயில் எடுத்துக்கொள்கிறார்கள், பின்னேரமே எஃப்.பி.சி (இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) ரிப்போர்ட் போனுக்கு வந்துவிட்டது. விளங்கப்படுத்தத்தான் ஆள் இல்லை. முதலில் காட்டிய கிளினிக்கில் ஹீமோகுளோபின் 10.9 என்பதைப் பார்த்தவுடனே இரும்புச்சத்துக் குளிசை எழுதித் தந்துவிட்டார்கள், கீழே இருந்த வரிகளை யாரும் பார்க்கவில்லை. எனக்குக் கோபமே வந்தது.

அப்புறம் ஒரு இரத்தநோய் நிபுணரைச் சனல் பண்ணினோம் (முன்பதிவு செய்து பார்த்தோம்). அவர் பேனையால் இரண்டு எண்களைச் சுற்றிக் காட்டினார்: எம்.சி.வி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 64, சிவப்பணு எண்ணிக்கை 5.6. இரும்புக் குறைபாடு என்றால் அணுக்கள் சிறுத்துப்போவதோடு எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும், அணு இவ்வளவு சிறிதாக இருந்தும் (வழக்கமாக எம்.சி.வி 80க்கு மேல் இருக்கவேண்டும்) எண்ணிக்கை குறையாமல் இருந்தால் தலசீமியாக் காவியா (தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயின் மரபணுவைச் சுமப்பவரா) என்று பார்க்கவேண்டும் என்றார். 64ஐ 5.6ஆல் வகுத்தால் 11 சொச்சம், 13க்குக் கீழே வந்தால் சந்தேகம் கூடும், ஆனால் அது ஒரு குறிப்பு மட்டும்தான்.

முடிவு சொல்வதற்கு பிளட் பிக்சர் (அணுக்களை நுணுக்குக்காட்டியில் பார்ப்பது), பெரிட்டின் (உடலில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டுவது), எச்.பி.எல்.சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளப்பது) மூன்றும் வேண்டும். காய்ச்சல் அடித்துக் கிடந்த உடனே பெரிட்டின் எடுக்காதீர்கள், இரும்பு குறைவாக இருந்தாலும் சரியாக இருப்பதுபோலக் காட்டிவிடும். பெரிட்டின் உண்மையிலேயே குறைவென்றால் அதைச் சரிபண்ணிவிட்டு எச்.பி.எல்.சி எடுப்பது நல்லது, ஏனென்றால் இரும்புக் குறைபாடு ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவைக் கீழே இறக்கிக் காவி என்பதை மறைத்துவிடலாம். பிள்ளைக்குப் பெரிட்டின் சரியாக இருந்தது, ஏ2 5.2 வீதம். 3.5க்கு மேல் போனாலே பீட்டா தலசீமியாக் காவி என்றுதான் எடுப்பார்கள்.

காவியாக இருப்பது நோய் இல்லை, பெரிட்டின் சரியாக இருப்பதால் அந்தக் குளிசையும் தேவையில்லை. களைப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கிறார்கள். ஆனால் கட்டுகிறவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர. அப்படிப்பட்ட பிள்ளைகள் மாதாமாதம் இரத்தம் ஏற்றவேண்டி வரும், குருநாகலில் அதற்கென்றே ஒரு தேசிய நிலையம் இருக்கிறது. இதை மறைத்துக் கல்யாணம் செய்வது பெரிய அநியாயம்.

அக்காவே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னார். அவர்களும் முகம் கோணாமல் எஃப்.பி.சி எடுத்து அனுப்பினார்கள், எம்.சி.வி 88. ஆனாலும் எச்.பி.எல்.சியும் எடுக்கச் சொல்லியிருக்கிறோம், இலங்கையில் ஹீமோகுளோபின் ஈ என்ற வகையும் இருக்கிறது, அது எம்.சி.வியில் தெரியாமலே போகலாம், பீட்டா தலசீமியாக் காவியோடு சேர்ந்தால் அதுவும் குழந்தையைப் பாதிக்கலாம்.