எதிரில் இன்னொரு கடை இருக்கிறது

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இந்தியா கிரிக்கெட் ஆடுவதைப் பார்க்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் அனுப்பும் இடம் ஒன்றுதான். துன் சம்பந்தன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், முடிதிருத்தும் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. பெயர் போட மாட்டேன். போட்டால் சனிக்கிழமை ராத்திரி எனக்கே நாற்காலி இருக்காது.

முதலில் சாப்பாடு. மேகி கோரெங் (வறுத்த மேகி நூடுல்ஸ்) எட்டு வெள்ளி (ரிங்கிட்), மேலே ஒரு முட்டையோடு. சொதசொதவென்று இல்லாமல், மிளகாய் தாராளமாக, சட்டியின் புகை மணத்தோடு வரும். தே தாரேக்கை (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) 'கூராங் மானிஸ்', இனிப்புக் குறைவாக, என்று சொல்லி வாங்குங்கள். சொல்லாவிட்டால் பல் கூசும். நாசி கண்டார் (சோறும் கறிக்குழம்புகளும்) இரவு பதினொரு மணிக்கு மேல் வேண்டாம். கோழி காய்ந்திருக்கும், குழம்பைப் பாஞ்சிராக, வெள்ளமாக, ஊற்றச் சொல்லித்தான் சமாளிக்க வேண்டும். ரொட்டி போடும் அண்ணன் பரமக்குடிக்காரர். அவர் இருக்கிற நாளில் ரொட்டி சானாய், இல்லாத நாளில் தோசை.

திரைதான் விஷயம். போன ஆண்டுவரை சுவரில் ஒரு பழைய டிவி. அதில் பந்து போகும் திசையைப் பீல்டர் ஓடுவதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். பிறகு எதிர்க்கடைக்காரர் புரொஜெக்டர் மாட்டினார். அதோடு இன்னொரு வம்பும் வந்தது. அவர்களுடைய இணைப்பு எங்களுடையதைவிட ஏழெட்டு விநாடி முன்னால் ஓடும். இங்கே பும்ரா அப்போதுதான் ஓடிவரத் தொடங்கியிருப்பார், அங்கே "அவுட்!" என்று கத்திவிடுவார்கள். எங்கள் மேசைகள் ஒவ்வொன்றாக எழுந்து சாலையைக் கடந்தன. எங்கள் முதலாளி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். அந்த மாதமே பெரிய திரை, புது இணைப்பு, வெளியே இரண்டு மின்விசிறி, போட்டி நாளில் மைலோ ஐஸ் ஐம்பது காசு குறைவு. "போறவனைக் கையப் புடிச்சா நிறுத்த முடியும் தம்பி?" என்றார்.

இந்தக் கேள்வியை இந்திய கிரிக்கெட் வாரியத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்க வேண்டிய அவசியம் வராதபடி பார்த்துக்கொண்டார்கள். 2007இல் ஜீ குழுமத்தின் சுபாஷ் சந்திரா எதிர்க்கடை ஒன்றைத் திறந்தார். ஐசிஎல், இந்தியன் கிரிக்கெட் லீக். கபில் தேவ் முன்னின்றார், அம்பத்தி ராயுடு மாதிரி இளைஞர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அதன் முதல் கோப்பையை வென்றதுகூட ஒரு சென்னை அணிதான், சென்னை சூப்பர்ஸ்டார்ஸ். இன்று சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு இந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. வாரியம் என்ன செய்தது? தன் சமையலைத் திருத்தவில்லை. அங்கே ஆடப் போனவர்களுக்குத் தடை போட்டது. கபில் தேவ் தேசிய கிரிக்கெட் அகாடமித் தலைவர் பதவியை இழந்தார். 2008இல் வாரியத்தின் சொந்தத் தொடரான ஐபிஎல் வந்தது, அடுத்த ஆண்டு ஐசிஎல் படுத்துவிட்டது.

ஐபிஎல்லுக்குப் போட்டியாக வேறொரு தொடருக்கு அங்கீகாரம் தர மாட்டோம் என்று ஒளிபரப்பு ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்திருந்தார்கள். வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2013இல் 52.24 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் அது திரும்பி வர, மறுபடி விசாரித்து 2017இல் அதே தொகையை மீண்டும் விதித்தது. 2023 முதல் 2027 வரைக்கான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 118 கோடி. அன்றைய மாற்று விலையில் ஆறு கோடி வெள்ளிக்கு மேல். அரை ஆட்டத்து வருமானம்கூட இல்லாத அபராதத்துக்கு யார் பயப்படுவார்?

பார்க்கிறவனுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். மலேசியாவில் இருந்து பார்க்கிறவனைக் கேளுங்கள். இந்தியாவில் இரவு 7.30 என்றால் நமக்குப் பத்து. இருபது ஓவரைத் தொண்ணூறு நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பீல்டிங்கை மாற்றி மாற்றி நிறுத்தி, இடையில் இரண்டரை நிமிட 'வியூக இடைவேளை' நான்கு விட்டு, விளம்பரம் ஓட்டி, ஆட்டம் முடிய இரண்டு மணி ஆகும். (அந்த இடைவேளையில் வகுக்கப்பட்ட ஒரே வியூகம் நான் இரண்டாவது தே தாரேக்குக்குக் கை காட்டியதுதான்.) 2023 ஐபிஎல் இறுதியாட்டம் மழையால் மறுநாளுக்குப் போய், மறுநாளும் மழை பெய்து, ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸும் ஒரு பவுண்டரியும் அடித்தபோது இங்கே விடியற்காலை நாலு மணி. கடை திறந்திருந்தது. முதலாளி எல்லோருக்கும் தே ஓ (பால் இல்லாத தேநீர்) கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அதே ஆண்டு இந்தியா நடத்திய உலகக் கோப்பை. அக்டோபர் 5இல் தொடங்க வேண்டிய போட்டிக்கு அட்டவணை வந்தது ஜூன் 27. நூறு நாள்தான் இடைவெளி. 2019 போட்டிக்கு இங்கிலாந்து ஒரு வருடத்துக்கும் மேல் முன்பே சொல்லிவிட்டது. சரி, வந்ததே என்று பார்த்தால், ஆகஸ்டில் ஒன்பது ஆட்டங்களின் தேதியை மாற்றினார்கள், அகமதாபாத்தில் நடக்கும் இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம் உட்பட. டிக்கெட் விற்பனை தொடங்கியது ஆகஸ்ட் 25. கோலாலம்பூரிலிருந்து போக நினைத்தவன் தேதி தெரியாமல் விமானம் எடுக்க வேண்டும், இடம் கிடைக்குமா என்று தெரியாமல் ஹோட்டல் போட வேண்டும். எதிரில் கடை இருந்தால் இப்படி நடத்துவார்களா?

நமக்கு இது பழக்கம்தான். 1998இல் காமன்வெல்த் போட்டி இங்கே கோலாலம்பூரில் நடந்தபோது முதன்முறையாக அதில் கிரிக்கெட் சேர்ந்தது. நான் அப்போது நான்காம் படிவம். அதே நாட்களில் டொரொன்டோவில் இந்தியாவுக்குப் பாகிஸ்தானோடு சஹாரா கோப்பை. இந்திய ஒலிம்பிக் சங்கம் ஒரு பக்கம் இழுக்க, வாரியம் மறுபக்கம் இழுக்க, கடைசியில் இந்திய அணியை இரண்டாகக் கிழித்தார்கள். அசாருதீன், கங்குலி, டிராவிட் அங்கே. ஜடேஜா தலைமையில் (அஜய்) சச்சினும் கும்ப்ளேயும் இங்கே. இங்கே முதல் சுற்றோடு வெளியே. அங்கே 1-4 என்று தோல்வி.

கடையில் ஒரு பெரியவர் வருவார், செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். கிரிக்கெட் அவருக்கு ஆகாது. 1975 ஹாக்கி உலகக் கோப்பையைப் பற்றித் தொடங்கினால் நிறுத்த மாட்டார். இந்தியா வென்ற ஒரே ஹாக்கி உலகக் கோப்பை. மெர்டேக்கா அரங்கம், பாகிஸ்தானுக்கு எதிராக 2-1. ஆனால் அவருக்கு அரையிறுதிதான் இன்னும் எரிகிறது. மலேசியா ஜெயிக்க வேண்டிய ஆட்டம், அஸ்லம் ஷேர் கான் கடைசி நேரத்தில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 3-2. "நம்ம பசங்கள தோக்கடிச்சிட்டுப் போய் கோப்பைய வாங்குனானுங்க. வாங்கி என்ன பண்ணுனானுங்க?" என்பார். பண்ணியது இதுதான்: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்திய ஹாக்கி தகுதியே பெறவில்லை, எண்பது ஆண்டுகளில் முதன்முறை. அவர் பட்டியல் நீளமானது. 2022இல் பிஃபா இந்தியக் கால்பந்துச் சங்கத்தைத் தடை செய்தது, 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லித் தெருவில் உட்கார்ந்தது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு என் பில்லையும் அவரே கட்டிவிடுவார்.

மஞ்சள் சட்டைக்காரர்களிடம் மட்டும் 2013 ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தைப் பேச வேண்டாம். நானும் ஒரு மஞ்சள் சட்டைக்காரன்தான், எனக்கே வலிக்கும். வாரியத் தலைவரே ஓர் அணிக்கும் சொந்தக்காரராக இருக்கலாம் என்று விதியைத் திருத்தி வைத்திருந்தார்கள். அதை ரத்துசெய்ய 2015இல் உச்ச நீதிமன்றம் வரவேண்டியிருந்தது. அது அமைத்த லோதா குழு வந்தது, சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு ஆண்டுத் தடை வந்தது, 2016இல் சீர்திருத்தம் வந்தது: நிர்வாகிகள் எழுபது வயதோடு சரி, ஒரு தவணை முடிந்தால் கொஞ்ச காலம் கட்டாய ஓய்வு, அமைச்சர்கள் கூடாது. இவற்றில் ஓய்வு விதிதான் அவர்களை உறுத்தியது. வாரியம் திரும்பத் திரும்ப மனு போட்டு, 2022 செப்டம்பரில் மாநிலச் சங்கத்தில் ஆறும் வாரியத்தில் ஆறுமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இருக்கலாம் என்று வாங்கிக்கொண்டது. அப்போது செயலாளராக இருந்தவர் உள்துறை அமைச்சரின் மகன் ஜெய் ஷா. 2024 டிசம்பரில் அவர் உலகக் கிரிக்கெட்டை நடத்தும் ஐசிசியின் தலைவரானார். இதைக் கேட்ட எங்கள் முதலாளி, "அப்போ உலகத்துலயே எதிர்க்கடை கிடையாதுன்னு சொல்லுங்க" என்றார். அடுப்பு அணைந்துகொண்டிருந்ததால் பேச்சு அதோடு நின்றது.

போகிறவர்களுக்கு: ஐபிஎல் நாளில் ஒன்பதரைக்குள் போய்விடுங்கள். தூணுக்கு வலப்பக்கம் உட்காருங்கள். இடப்பக்கம் உட்கார்ந்தால் ஸ்கோர் பலகை தெரியாது. குடும்பத்தோடு போனால் உள்ளே குளிர்சாதன அறை உண்டு, ஆனால் அங்கே வர்ணனை கேட்காது. கழிவறைக்கு நான் பொறுப்பில்லை. காசுக்குப் பதில் கியூஆர் காட்டலாம். கடைக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், ஒன்றைக் குறைத்தது அந்தக் காய்ந்த கோழிக்காக. முதலாளியிடமும் சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் புதிதாகப் பொரித்தது வந்தது.