வேர்ச்சொல் கொப்பியோடு மூன்று வருடம்

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் பிடித்த பழக்கம் இது. வரிசை நகராது, ஃபோனில் சார்ஜ் இராது, பையில் ஒரு கொப்பி மட்டும் இருந்தது. வாரத்துக்கு ஒரு கிரேக்க அல்லது லத்தீன் வேர், அதில் முளைத்த நாலைந்து அபூர்வ ஆங்கிலச் சொற்கள். முறை அவ்வளவுதான். இடையில் ஒரு செயலிக்குச் சந்தாவும் கட்டிப் பார்த்தேன். பதக்கம் சேர்ந்தது, சொல் சேரவில்லை.

முதல் ஆறு மாதம் எனக்குத் தலைக்கனம். வேர் தெரிந்தால் எந்தச் சொல்லையும் பிரித்து மேய்ந்துவிடலாம் என்றிருந்தேன். 'பெட்' வந்து மண்டையில் குட்டியது. லத்தீனில் அது பாதம். பெடஸ்ட்ரியன் நடந்து போகிறவர். கிரேக்கத்தில் குழந்தை, பீடியாட்ரிஷன் குழந்தை வைத்தியர். அதே கிரேக்கத்தில் இன்னொரு சொல்லுக்கு நிலம் என்று பொருள், அதனால் பெடாலஜி மண்ணியலையும் குறிக்கும். 'இன்' என்றால் 'இல்லை' என்று பாடமாக்கியவர், இன்ஃபிளேமபிள் என்று எழுதிய பீப்பாய்க்குப் பக்கத்தில் துணிந்து சுருட்டுப் பற்றவைப்பார். அது எளிதில் தீப்பற்றும் பொருள்! தெரியாத சொல்லை ஊகிக்க வேரை நம்ப வேண்டாம். அகராதியைப் பார்த்த பிறகு, சொல்லை நினைவில் மாட்டிவைக்க வேரைவிட நல்ல கொளுவி கிடையாது.

போன மாதம் பழைய கொப்பியைப் புரட்டினேன். பாதிக்கு மேல் மறந்துபோயிருந்தது. செஸ்குவிபீடேலியன் நிற்கிறது: 'ஒன்றரை அடி நீளச் சொல்', ரோமக் கவிஞர் ஹொரேஸ் கையாண்ட கிண்டல். மற்றபடி நின்றவை எல்லாம் எங்கள் வீட்டுக்குள் ஏற்கெனவே இருந்த சொற்களோடு ஒட்டிக்கொண்டவை.

கதிரையை எடுங்கள். போர்த்துக்கேயர் 'கடெய்ரா' என்று கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் லத்தீன் 'கதெட்ரா', அதற்கும் பின்னால் கிரேக்கம்: 'கத்தா' கீழே, 'ஹெட்ரா' இருக்கை. ஆயருடைய கதிரை இருக்கிற கோயில் கதீட்ரல். கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தைச் சின்ன வயதிலிருந்து கடந்து போகிறேன். அந்தப் 'பேராலய'த்தின் ஆங்கிலப் பெயருக்குள் எங்கள் விறாந்தைக் கதிரை கிடந்தது தெரியவில்லை. எக்ஸ் கதீட்ரா என்றால் கதிரையில் இருந்துகொண்டு மறுபேச்சுக்கு இடமில்லாமல் சொல்வது. அப்பப்பா சாய்மனைக் கதிரையில் கிடந்து சொன்னதெல்லாம் அந்த வகைதான், இதற்கு லத்தீன் வேண்டியதில்லை.

மேசையும் அப்படித்தான். லத்தீன் 'மென்சா' போர்த்துக்கேய 'மெசா'வாகி வந்தது. ஒரே மேசையில் உண்பவர் கமென்சல். உயிரியலில், அடுத்த உயிருக்குத் தீங்கு செய்யாமல் அதோடு ஒட்டி வாழ்வதையும் அப்படித்தான் சொல்வார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டறை வீடு வைத்து, உறவினரையும் தங்கவைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அலுவலகத்தை நாங்கள் சொல்லும் கந்தோர் டச்சுச் சொல். அதன் அடியில் இருப்பது கணக்கிடுதலைக் குறிக்கும் லத்தீன் வேர், கம்பியூட்டருக்கும் அதுவே.

உச்சரிப்புக்கு இந்த முறை ஒன்றும் செய்யாது. பாவிக்க ஆளும் கிடையாது. நல்லூர்த் திருவிழாவுக்கு லீவு கேட்டு எழுதிய மின்னஞ்சலில் 'பெரெக்ரினேஷன்' என்று போட்டேன். நீண்ட பயணம் என்று பொருள், யாத்திரிகரைச் சொல்லும் பில்கிரிமுக்கும் அதே வேர். கந்தோரில் பெரியவர் கூப்பிட்டார்.

"தம்பி, இதென்ன வருத்தம்? டொக்டரிட்டைக் காட்டினீரோ?"